டீச்சர் வீட்டின் மேல் ஒரு சிவப்பு வட்டம்

“...அதோட தம்பி, நுளம்புக்கும் ஒரு வெக்கம் ரோசம் இருக்குமெல்லோ. இவ்வளவு பெரிய கொட்டாஞ்சேனையில அதுக்கு வேற இடமே கிடைக்கேல்லையா? முப்பத்தேழு குடும்பமும் என்ட வீட்டு விறாந்தையிலயா வந்து சம்பந்தம் பேசினது?”

இதற்கு முன் டீச்சர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்புவதற்கு முன்பே அவர் தொடங்கிவிட்டிருக்க வேண்டும். கேற்றடிக்கு வந்தபோது பாதியில்தான் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவருடைய கையில் போன் இருந்தது. போனில் நான் செய்த வரைபடம் இருந்தது. வரைபடத்தில் அவருடைய வீடு இருக்க வேண்டிய இடத்தில் வீடு இல்லை. கொழுத்த சிவப்பு வட்டம் ஒன்றும், அதன் நடுவில் 37 என்ற இலக்கமும் இருந்தன.

டீச்சர் என்றால் அந்த ஒழுங்கையில் ஒரே ஒருவர்தான். பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றபின், தன் வீட்டு முன்ஹாலில் சின்னப் பிள்ளைகளுக்கு நேர்சரி நடத்துகிறார். தனியாக வாழ்பவர். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை இருபது பிள்ளைகள். அந்த மூன்றரை மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச இருபதரை மணித்தியாலமும் தான் உயிரோடு இருப்பதாக அவரே சொல்லுவார். அன்று திங்கட்கிழமை, மணி ஒன்பதரை. உள்ளே எட்டிப் பார்த்தேன். இருபது குட்டிக் கதிரைகளில் இரண்டில்தான் ஆள் இருந்தது. மற்றப் பதினெட்டுப் பிள்ளைகளையும் பெற்றோர் அனுப்பவில்லை. நுளம்பு கடித்து டெங்கு பரவுகிற காலத்தில் முப்பத்தேழு என்று எழுதிய சிவப்பு வட்டத்துக்குள் யார்தான் பிள்ளையை அனுப்புவார்கள்? வந்திருந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இரண்டு வீட்டிலும் முதல்நாள் டேட்டா முடிந்திருந்தது.

இந்த வட்டத்தை நான் எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரத்தனத்தால் செய்த பிழை அது. சோம்பேறியாக இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் நடந்திராது.

நான் வெள்ளவத்தையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். டைல்ஸ், சீமெந்து, பைப், குளியலறைச் சாமான். என் வேலை பாதி பில் போடுவது, மீதி வழி சொல்வது. லொறிக்காரர்கள் நாள் முழுக்க போன் எடுப்பார்கள். “அண்ணை, பச்சை கேற்றெண்டு சொன்னியள், இந்த ஒழுங்கையில நாலு பச்சை கேற் இருக்கு.” அடுக்குமாடிகள் முளைக்கிற வேகத்துக்கு ஒழுங்கைகளின் முகமே மாறிப்போய்விடுகிறது. வாய் நொந்துபோய்த்தான், எல்லா வீட்டையும் ஒரு வரைபடத்தில் போட்டு லொறிக்காரர் கையில் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன்.

படித்தவன் அல்ல நான். இணையத்தில் சும்மா கிடைக்கிற பாடங்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பார்சலை ஒரு பக்கமும் லேப்டாப்பை மறுபக்கமும் வைத்துக்கொண்டு படித்தேன். பாடம் நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பையன். மூச்சுக்கு ஒருதரம் “இது மிகவும் இலகு” என்பான். அவன் இலகு என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒரு கிழமை போனது.

ஆனால் விசயம் விளங்கத் தொடங்கியபோது சந்தோசமாகத்தான் இருந்தது. இணைய வரைபடம் என்பது இடியப்பத் தட்டு அடுக்குகிற மாதிரி. அடியில் ஒரு தட்டு: தெருக்கள், கடல், ரயில் பாதை. அது யாரோ புண்ணியவான்கள் ஏற்கெனவே அவித்து வைத்தது. அதற்கு மேல் நம்முடைய தட்டு: நம் கடை, நம் வாடிக்கையாளர், நம் பச்சை கேற்றுகள். மேல் தட்டைத் தூக்கலாம், வைக்கலாம், நிறம் மாற்றலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று வடக்கே எவ்வளவு, மற்றது கிழக்கே எவ்வளவு. அவ்வளவுதான். இலகு.

இலகு என்றதும் பிழையாகிப் போனது. சில மென்பொருள் வடக்கை முதலில் கேட்கும். சிலது கிழக்கை முதலில் கேட்கும். ஏன் என்று யாரைக் கேட்டாலும் சண்டைதான் வருகிறது. நான் முன்பின்னாகக் கொடுத்துவிட்டேன். முதன்முதலாக என் வரைபடம் திறந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. விரலால் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால், எங்கள் கடையும் அதன் நூற்றுச் சொச்ச வாடிக்கையாளர்களும் வட துருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். முதலாளி என் தோளுக்கு மேலால் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. “அங்க டைல்ஸ் விக்க ஏலாது,” என்றார். “அங்க ஏற்கெனவே வழுக்கும்.”

வீட்டில் என் மனைவி இன்னும் ஒரு படி மேலே. “சந்தைக்குப் போய் முருங்கைக்காயை மறந்திட்டு வாற மனுசன் உலகத்துக்கு வழி காட்டப் போறார்” என்று, என்னிடம் சொல்லாமல், போனில் தன் தங்கையிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். சனங்கள் சொல்கிற இப்படியான வார்த்தைகளைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். இதையும் எழுதி வைத்தேன். நல்ல வசனத்துக்கு மானரோசம் பார்க்கக் கூடாது.

எண்களை மாற்றிப் போட்டதும் கடை வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தது. அடுத்தது கைபேசிப் பாடம். போன் தானே தன் இடத்தை வானத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும். உயரமான மாடிகளுக்கு நடுவில் நின்றால் அதற்குக் கொஞ்சம் தலை சுற்றும். கடற்கரையோரப் பெரிய தெருவான காலி வீதியில் நிற்கிற ஆளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடலில் நிறுத்தும். பொறுமையாக நின்றால் கரைக்குக் கொண்டுவந்து விடும். நான் ஒரு படிவம் செய்தேன். பெயர், இலக்கம், குறிப்பு. கீழே சேமி என்று ஒரு பட்டன். அதை அழுத்துகிற கணத்தில் போன் எங்கே இருக்கிறதோ அந்த இடம் தானாகப் பதிவாகும். வரைபடத்தில் இடத்தைத் தேடி விரலால் குத்துவது எங்கள் லொறிக்காரருக்குச் சரிவராது என்பதால் இந்த ஏற்பாடு. வீடு வீடாகப் போய் நானே அழுத்திப் பார்த்தேன். அச்சொட்டாக விழுந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை அளக்க எந்த மென்பொருளும் இல்லை.

அந்தப் பெருமையோடு இருந்தபோதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் குளியலறைச் சாமான் வாங்க வந்தார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் ஒழுங்கையின் நலன்புரிச் சங்கத் தலைவர். எதையும் “முறையாக” செய்ய வேண்டும் என்பவர். மேசையில் என் வரைபடத்தைப் பார்த்தார். தங்கள் பகுதியில் டெங்கு கூடுகிறது, சங்கத்து ஆட்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்க்கப்போகிறார்கள், அதை முறையாக இப்படிப் போட முடியுமா என்று கேட்டார். முடியுமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் நான் முடியும் என்று சொல்லிவிடுவேன்.

தண்ணீரும் அதில் நுளம்புப் புழுவான குடம்பியும் கண்ட வீடு சிவப்பு. காணாத வீடு பச்சை. சிவப்பு வீட்டைத் துப்புரவாக்கி, ஒரு கிழமை, ஏழு நாள், கழித்து மறுபடி பார்த்து, சரியென்றால் பச்சையாக்கலாம். நெருக்கமாக உள்ள புள்ளிகள் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வட்டமாகச் சேர்ந்து, எத்தனை வீடு என்ற இலக்கத்தைக் காட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் முழு வட்டமும் சிவப்பாக வேண்டும் என்று நான்தான் விதி எழுதினேன். நோய் விசயத்தில் கவனமாக இருக்க வேண்டுமே.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. சங்கத்து ஆட்கள் பத்துப் பேரை நிறுத்திவைத்து நான் பயிற்சி கொடுத்தேன். வெயிலில் திரை தெரியாது, ஒரு கையில் குடை, மறு கையில் டோர்ச். அதனால் முதலில் தாளில் எழுதுங்கள், பிறகு ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து போனில் பதியுங்கள் என்றேன். இந்த வாக்கியத்தை நானே சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

ஆறுதலாக இருக்க அந்த ஒழுங்கையில் ஓரிடம்தான் உண்டு. டீச்சர் வீட்டு விறாந்தை. பத்துப் பேரும் சுற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். டீச்சர் பிளேன்டி ஊற்றினார், இஞ்சி தட்டிப் போட்டு. கித்துள் கருப்பட்டி வைத்தார். கதிரை போதாமல் நேர்சரிக் கதிரைகளில் பெரியவர்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, ஒரு கையால் தேத்தண்ணீரும் மறு கையால் போனுமாகத் தாளைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தார்கள். சேமி, சேமி, சேமி. நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டாவது கப் குடித்துக்கொண்டு, எவ்வளவு ஒற்றுமையான சனம் என்று உருகிப்போய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வெள்ளவத்தைக்கு வந்து வரைபடத்தைத் திறந்தேன். பெரிய சிவப்பு வட்டம், முப்பத்தேழு. அழகாக இருந்தது. கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. சங்கத்துக் குழுவுக்கு இணைப்பை அனுப்பினேன். தலைவர் முறையாக அதை எல்லாருக்கும் அனுப்பினார். மூலை வீட்டுத் தாய் ஒருவர், தன் மகளை டீச்சரிடம் அனுப்புகிறவர், வட்டத்தை அழுத்தி அழுத்திக் கிட்டப்போயிருக்கிறார். கடைசி மட்டத்தில் வட்டம் தாமரைப்பூ மாதிரி விரிந்து, முப்பத்தேழு புள்ளிகளும் இதழ் இதழாக ஒரே ஒரு கூரையைச் சுற்றி நின்றன. அதைப் படம் பிடித்து நேர்சரிப் பெற்றோரின் குழுவில் போட்டார். மகளை வேறு நேர்சரிக்கு மாற்றுவதாகவும், திங்கட்கிழமையே விலகல் கடிதம் வேண்டுமென்றும் எழுதினார். ஒரு ஆடு வேலி பாய்ந்தால் மற்ற ஆடுகளுக்கு வேலி எங்கே என்று காட்டத் தேவையில்லை.

இப்போது கேற்றடிக்குத் திரும்புகிறேன்.

டீச்சர் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். பிறகு, நடந்ததை அப்படியே சொன்னேன். போன் வீட்டைப் பார்ப்பதில்லை, பட்டன் அழுத்துகிற இடத்தைத்தான் பார்க்கும் என்றேன்.

“அப்ப நான் தேத்தண்ணி குடுக்காமல் விட்டிருந்தால் இந்த வட்டம் வந்திராது?”

“வந்திராது, டீச்சர்.”

“உபசாரத்துக்கு இப்பிடியும் ஒரு வருத்தம் இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார்.

உடனே வரைபடத்தை அழித்துவிடுகிறேன் என்றேன். விடவில்லை. அழித்தால் மறைத்ததாகத்தான் கதை வரும் என்றார். “அழிறப்பரால அழிச்ச இடம்தான் தம்பி கொப்பியில முதல்ல கண்ணில படும். திருத்துங்கோ.” சனிக்கிழமைக்குள் பிள்ளைகள் திரும்பாவிட்டால் திரும்பவே மாட்டார்கள், அடுத்த கிழமை மற்ற நேர்சரியில் சீருடை தைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் குரலில் பகிடி இருக்கவில்லை.

தாள்கள் முறையாக ஒரு கோவையில் தலைவரிடம் இருந்தன. அவற்றில் வீட்டு இலக்கமும் இருந்தது. ஆனால் கொட்டாஞ்சேனையில் இலக்கத்தை வைத்து வீடு பிடிக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. இருபத்துமூன்றின் கீழ் நாலு ஒரு பக்கம், இருபத்துமூன்றின் கீழ் நாலு ஏ இன்னொரு பக்கம், ஐந்து எங்கேயோ மாடிப்படிக்குப் பின்னால். திரும்பவும் நடந்துதான் ஆக வேண்டும். முதலில் படிவத்தை மாற்றினேன். இனிச் சேமி அழுத்தினால் புள்ளியை வரைபடத்தில் காட்டி, இதுதானா இடம் என்று கேட்கும். ஓம் என்றால்தான் பதியும். செவ்வாயும் புதனும் பின்னேரம் கடையில் நேரத்தோடு சொல்லிக்கொண்டு போனேன். கூட வரச் சங்கத்திலிருந்து ஓட்டோ ஓட்டுகிற முஸ்லிம் அண்ணர் ஒருவர், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவர், வந்தார். ஞாயிற்றுக்கிழமை அதிகம் பதிந்தவர் அவர்தான். தன் பக்க நியாயத்தை அவர் மறைக்கவில்லை.

“மத்த ஊட்டுலெல்லாம் நாய் ஈக்கி, டீச்சர்ட ஊட்டுல தேத்தண்ணி ஈக்கி. எங்க குந்துறது, நீங்களே சொல்லுங்க.”

டீச்சரும் குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். எந்த இலக்கம் எந்தப் படிக்குப் பின்னால் இருக்கிறதென்று அவருக்கு மனப்பாடம். பாதி வீட்டில் தாய்மாருக்கும் ஆனா எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒவ்வொரு கேற்றிலும் நான் போனை ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்பேன். முப்பது மீற்றர் பிழை, பதினைந்து, எட்டு என்று இறங்கிவர வேண்டும். டீச்சருக்குப் பொறுமை போதவில்லை. “நேர்சரிப் பிள்ளைகள் இதைவிடக் கெதியா பென்சில் சீவுங்கள்,” என்றார். ஒரு வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமைதானே பார்த்தீர்கள், பிறகும் என்ன என்று கேட்டார். நுளம்பை ஏற்கெனவே கண்டாயிற்று, இப்போது வீட்டைத்தான் தேடுகிறோம் என்று டீச்சர் விளக்கம் கொடுத்தார்.

புதன் மாலை வரைபடம் சரியானது. முப்பத்தேழு புள்ளிகளும் ஒழுங்கை முழுக்கப் பரவி நின்றன. ஒன்பது சிவப்பு, மீதி பச்சை. டீச்சர் வீட்டுக் கூரை சுத்தமாக இருந்தது. இணைப்பை அவரே பெற்றோர் குழுவுக்கு அனுப்பினார். வியாழக்கிழமை பிள்ளைகள் வருவார்கள் என்று நானும் நம்பினேன்.

வந்தது மூலை வீட்டுத் தாயின் கேள்விதான். எல்லா வீட்டுக்கும் ஒரு நிறம் இருக்கிறது, பிள்ளைகள் போகிற வீட்டுக்கு மட்டும் நிறமே இல்லையே, அது ஏன் என்று எழுதியிருந்தார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. டீச்சர் வீட்டில் புள்ளியே இல்லை. பத்துப் பேர் அந்த வீட்டுக்குள் போயிருந்தார்கள், நான் பதினோராவது ஆள். பதினொரு பேரும் தேத்தண்ணீர் குடித்தோம். ஒருவராவது எழும்பிப்போய் அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. உபசரிக்கிறவரின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பது எங்கள் சனத்துக்கு வராத கலை.

வியாழன் பின்னேரம் டோர்ச்சோடு போனேன். டீச்சர் தானே வீட்டைத் திறந்து காட்டினார். பூச்சாடித் தட்டுகள் காய்ந்திருந்தன. தண்ணீர்த் தாங்கியின் மூடி இறுக்கமாக இருந்தது. கூரைப் பீலியில் ஒரு இலை கிடையாது. ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார், சோதனை எழுதிய பிள்ளை பார்க்கிற மாதிரி. பச்சை என்று பதிய விரலை வைத்துவிட்டேன். எதற்கும் பார்ப்போம் என்று குசினிக்குள் போய்ப் பிரிட்ஜை முன்னால் இழுத்தேன். பழைய பிரிட்ஜ். அதன் முதுகில் அடியில் தண்ணீர் வடிந்து சேர்கிற ஒரு தட்டு உண்டு. கையைவிட்டு இழுத்து எடுத்து வெளிச்சம் பிடித்தேன்.

தட்டுக்குள் குடம்பிகள், எண்ண முடியாத அளவு, தலைகீழாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

இருவரும் குனிந்து பார்த்தோம்.

நான் மெதுவாகச் சொன்னேன்: “டீச்சர், இதைக் கொட்டிப்போட்டு பச்சையெண்டு போடுவம். ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் நிமிரவில்லை. தட்டைப் பார்த்தபடியே பேசினார். “தன்ட முதுகு தனக்குத் தெரியாது எண்டு சொல்லுவாங்கள். பிரிட்ஜின்ட முதுகு ஆருக்குத் தெரியும்.” பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினார். “அந்த முப்பத்தேழும் என்டது இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ளேல்லை. இது என்டது.”

சிவப்பை அழுத்தினார். இதுதானா இடம் என்று படிவம் கேட்டது. அந்தக் கேள்வியை அங்கே வைத்தவன் நான். அன்றைக்கு வைக்காமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, புள்ளி தன் குசினிக்கு நேரே விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஓம் என்று அழுத்தினார்.

இனி ஒரு கிழமைக்கு அந்த வீடு சிவப்புத்தான். சனிக்கிழமைக்குள் ஒரு பிள்ளையும் வராது. நான் குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வெறும் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்தார். குடம்பித் தண்ணீரை அதற்குள் ஊற்றி, மூடியை இறுக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தட்டைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சி வெயில் விழுகிற மதிலில் கவிழ்த்தார். பிறகு தன் போனை எடுத்து, பெற்றோர் குழுவில் குரல் செய்தி பதிந்தார். ஆனால் பெற்றோருக்கு அல்ல.

“பிள்ளைகள், டீச்சர் கதைக்கிறன். எங்கட பிரிட்ஜுக்குப் பின்னால டீச்சர் நுளம்புக் குஞ்சுகள் பிடிச்சு வச்சிருக்கிறன். போத்தலுக்குள்ள தலைகீழா நிண்டு ஆடுதுகள். நாளைக்கு மத்தியானம் வெயில்ல ஊத்திப் போடுவன். பாக்க விருப்பமான ஆக்கள் எட்டு மணிக்கு வாங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவும் கண்டிருக்க மாட்டா.”

வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போகிற வழியை மாற்றி, எட்டு மணிக்கு அந்த ஒழுங்கையில் நின்றேன். வெள்ளவத்தையிலிருந்து வெள்ளவத்தைக் கடைக்குப் போகக் கொட்டாஞ்சேனையால் சுற்றிப் போகிற ஆளை எந்த வரைபடமும் மன்னிக்காது. முதலில் டேட்டா இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் வந்தன. அவை வழமைபோல் வந்தவை, ஒன்றும் தெரியாது. எட்டே காலுக்கு ஒரு தாய், பிள்ளை இழுக்க இழுக்க வந்தார். அதற்குப் பின்னால் மூன்று. குரல் செய்தியை வீட்டில் சத்தமாகப் போட்டுக் கேட்டதில் நடந்த வினை அது. இரவிலிருந்து ஒரே அழுகை, காலைச் சாப்பாடும் வேண்டாமென்று நிற்கிறான் என்று ஒரு தாய் முறையிட்டார். எட்டரைக்குப் பதினாறு பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றன. போத்தலைத் தட்டினால் குடம்பிகள் துள்ளி அடிக்கு ஓடுவதையும், மூச்சுவிடத் திரும்ப மேலே வருவதையும் டீச்சர் காட்டினார். தாய்மார் பிள்ளைகளைவிட நெருக்கி நின்று பார்த்தார்கள். டெங்கு பற்றி ஆயிரம் அறிவித்தல் கேட்டிருந்தும், அதன் குஞ்சை ஒருவரும் கண்டிருக்கவில்லை.

கடைசியாக மூலை வீட்டுத் தாய் வந்தார். மகள் அவருடைய கையை விட்டுவிட்டு மேசைக்கு ஓடிவிட்டாள். அவர் வாசலிலேயே நின்றார். கேட்க வந்தது விலகல் கடிதமா வேறெதுவுமா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் அந்த நேரம் விளங்கியிராது.

“டீச்சர், உங்கட வீட்டை நீங்களே சிவப்பெண்டு போட்டீங்களாம்.”

“ஓம்,” என்றார் டீச்சர். “உங்கட மகளின்ட கொப்பியிலயும் பிழைக்கு நான் சிவப்பிலதானே போடுறன்.”

அந்தத் தாய் போத்தலுக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்றவரிடம் கேட்பது போலத்தான் கேட்டார்: “எல்லாப் பிரிட்ஜுக்கும் பின்னால இப்பிடித் தட்டு இருக்குமோ?”

பதினேழு பிள்ளைகளின் தாய்மாரும் தங்கள் தங்கள் குசினியை மனதுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்ததை அவர்களுடைய முகத்தில் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வீடு வீடாக ஏறியிறங்கினார்கள். பூச்சாடி பார்த்தார்கள், பீலி பார்த்தார்கள். ஒரு குசினிக்குள்ளும் ஒருவரும் போகவில்லை. என்னுடைய இருபத்தெட்டுப் பச்சைப் புள்ளிகளும் ஒவ்வொன்றாக என் கண்முன்னே வெளிறின.

டீச்சர் போத்தலின் மூடியை இன்னும் ஒருதரம் திருகி இறுக்கி, உயரத்தில் அலுமாரிக்கு மேல் வைத்தார். பிள்ளைகளை இரண்டிரண்டாகக் கைகோத்து வரிசையில் நிற்கச் சொன்னார். என் கையிலிருந்த டோர்ச்சை வாங்கி மூலை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, அவளை முன்னால் விட்டார். சட்டைப் பையிலிருந்த என் போனையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். குடையை விரித்து, வரிசையோடு ஒழுங்கையில் இறங்கி நடந்து, மூலை வீட்டுக் கேற்றடியில் நின்று, பின்னால் வந்த தாயிடம் வீட்டுப் பூட்டின் திறப்புக்காகக் கையை நீட்டினார்.